சொர்பஜி: பெயரா, பட்டமா, சூப்பா? (பல்கேரியச் சொல்)

தேன்சிட்டு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இவான் வாசோவ் எழுதிய, துருக்கியரின் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிரான 1876 கிளர்ச்சியைப் பற்றிய பல்கேரிய நாவலை ஆங்கிலம் வழியாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதல் வரியிலேயே சொர்பஜி மார்க்கோ என்று ஒருவர் தன் வீட்டு முற்றத்தில் குடும்பத்தோடு இரவுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் தள்ளிப் போனால் சொர்பஜி யுர்தான் வருகிறார். அப்புறம் சொர்பஜி மிச்சோ. மூன்று பேரும் ஒரே குடும்பம், சொர்பஜி என்பது வீட்டுப் பெயர் என்று நினைத்து, ஒரு தாளில் வம்சாவளி வரையவே ஆரம்பித்துவிட்டேன். கதை போகிற போக்கில் அப்படி எந்த உறவும் தெரியவில்லை.

அகராதியைத் திறந்தால் 'துருக்கி மொழியில் சூப்புக்காரன்' என்று போட்டிருக்கிறது. மார்க்கோ சமையல்காரர் இல்லை, சூப்புக் கடை வைத்திருப்பவரும் இல்லை. ஊரில் மதிப்போடு வாழ்கிற மனிதர். யுர்தானைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது, ஆனால் அவருக்கும் அதே பட்டம். இது மரியாதைச் சொல்லா, நக்கலா? சூப்பு எங்கிருந்து வந்தது? எங்கள் வாசிப்புக் குழுவில் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒரு சண்டையே நடக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணல்வீடு எழுதியது:

எனக்குப் பல்கேரிய மொழி தெரியாது, ஊகம்தான். பெரிய வீடு என்றால் எந்நேரமும் அடுப்பு எரியும். போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் ஊற்றுவார்கள். 'சூப்பு ஊற்றுகிறவர்' என்று ஊர் சொல்லிச் சொல்லியே அது பட்டமாகியிருக்கும். இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி வேண்டும்?

கசான்லக்காரன் எழுதியது:

தேன்சிட்டு, வம்சாவளியைக் கிழித்துப் போடுங்கள். அது பெயரில்லை, பெயருக்கு முன்னால் நிற்கும் பட்டம். தனியாகச் சொன்னால் சொர்பஜீயா. ஒருவரின் பெயரோடு சேர்த்தாலோ, கூப்பிட்டாலோ, வால் உதிர்ந்து சொர்பஜி ஆகிவிடும். அவர் வீட்டம்மாள் சொர்பஜீய்கா.

நான் எண்பதுகளில் விவசாயம் படிக்க சோஃபியாவுக்கு வந்தவன். இங்கேயே பெண் எடுத்து, இப்போது மனைவியின் ஊர்ப்பக்கம், கசான்லக் அருகே இருக்கிறேன். மொழியியல் படித்தவனில்லை. ஆனால் இந்த ஒரு சொல்லை வகுப்பிலும், சாப்பாட்டு மேசையிலும், நிலப் பத்திர வரிசையிலும் வேறு வேறு குரலில் கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சூப்பு. பாரசீகத்தில் ஷோர்பா. ஷோர் என்றால் உப்பு, பா என்றால் குழம்பு மாதிரி நீர்க்க வேகவைத்தது. துருக்கிக்குப் போய் சோர்பா ஆனது. அங்கிருந்து பால்கன் முழுக்கப் பரவியது. செர்பியருக்கும் பல்கேரியருக்கும் சோர்பா, ருமேனியருக்கு சொர்பெ. கிழக்கே இந்தியிலும் உருதுவிலும் ஷோர்பா பழைய உருவத்திலேயே கிடக்கிறது. பல்கேரியரிடம் சூப்பா என்ற சொல்லும் இருக்கிறது, அது மேற்கிலிருந்து வந்தது. இரண்டும் ஒன்றுதானே என்று என் மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள்! பீன்ஸ் போட்டுக் கெட்டியாக வேகவைத்தால் பொப் சோர்பா. ஆட்டுக் குடலோ மாட்டுக் குடலோ போட்டு, மேலே பூண்டும் வினிகரும் மிளகாய்த்தூளும் சேர்த்துக் குடித்தால் ஷ்கெம்பெ சோர்பா, முதல் நாள் குடித்தவனுக்கு மறுநாள் மருந்து. சின்னச் சின்ன இறைச்சி உருண்டை மிதந்தால் அது சூப்பா. அவர்களுக்கு இதில் குழப்பமே வருவதில்லை.

அடுத்து அந்த வால். துருக்கியில் ஒரு பொருளின் பெயரோடு 'ஜி' சேர்த்தால் அதைக் கொண்டு தொழில் செய்பவன். நம் நீதிமன்றங்களில் இன்றும் மசால்ஜி என்று ஒரு பணியிடம் இருக்கிறதே, தீவட்டி பிடிப்பவன், அதன் வாலும் இதே வால்தான், பாரசீகம் வழியாக நமக்கு வந்தது. பல்கேரியர்கள் இந்த வாலைத் தங்கள் சொத்தாகவே ஆக்கிக்கொண்டார்கள். பயாஜீயா என்றால் சாயம் அடிப்பவர், இரண்டு பாதியும் துருக்கி. லொவ்ஜீயா என்றால் வேட்டைக்காரன், இதில் லொவ் என்பது சுத்தமான ஸ்லாவியச் சொல். எப்போதும் கொண்டாட்டம் என்று திரிகிறவன் குபொன்ஜீயா. கணினி பழுது பார்க்கும் பையனை என் மனைவி கொம்ப்யூதர்ஜீயா என்கிறாள். ஒட்டோமான் ஆட்சி போய் இத்தனை காலம் ஆகியும் அந்த வால் குட்டி போட்டுக்கொண்டே இருக்கிறது.

ஆக, எழுத்துக்கு எழுத்து பார்த்தால் சூப்புக்காரன்தான். ஆனால் அந்த அர்த்தத்தில் இந்தச் சொல் பல்கேரியாவுக்கு வரவில்லை. இங்கேதான் மணல்வீட்டோடு எனக்குக் கருத்து வேறுபாடு.

யெனிச்செரி என்ற சுல்தானின் காலாட்படை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆங்கிலத்தில் ஜானிசரி. அந்தப் படை ஒர்த்தா என்ற பிரிவுகளாக இருந்தது. ஒவ்வொரு ஒர்த்தாவின் தளபதிக்கும் பட்டம் சோர்பஜி. நம் கணக்கில் கர்னல் என்று வைத்துக்கொள்ளலாம். கர்னலைப் போய் ஏன் சூப்புக்காரன் என்றார்கள்? செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்வதைத்தான் அவர்கள் ஒரு படையின் அமைப்பாகவே கட்டியிருந்தார்கள். சோறு போடுகிறவர் சுல்தான், அந்தச் சோற்றைப் பங்கிட்டுத் தருகிறவர் தளபதி. பதவிப் பெயர்களிலேயே சமையலறை வாடை அடிக்கும். தலைமைச் சமையல்காரன் என்று ஒரு அதிகாரி, தண்ணீர்க்காரன் என்று இன்னொருவர். வீரனின் தொப்பியின் முன்பக்கம் கரண்டி செருக ஓர் இடம். ஒவ்வொரு ஒர்த்தாவுக்கும் கசான் என்ற பெரிய செப்பு அண்டா உண்டு. கொடியைப் போல அதைக் காத்தார்கள். கலகம் செய்யத் தீர்மானித்தால் அண்டாவைக் கவிழ்ப்பார்கள், உன் சோறு எங்களுக்கு வேண்டாம் என்று. துருக்கியில் இன்றைக்கும் 'கசானைத் தூக்குவது' என்றால் கலகம் செய்வது. 1826-இல் இரண்டாம் மஹ்மூத் அந்தப் படையையே ஒழித்துக்கட்டினார்.

(கசான் என்றதும் எங்கள் ஊர் ஞாபகம் வந்திருக்குமே. கசான்லக் என்ற பெயரிலும் அந்த அண்டாதான் இருக்கிறது, அண்டாக்கள் உள்ள இடம். ரோஜா எண்ணெய் காய்ச்சும் அண்டாக்களைக் காட்டித்தான் இங்கே அதற்கு விளக்கம் சொல்வார்கள். ராக்கியா என்ற பழச் சாராயம் காய்ச்சும் பாத்திரத்துக்கும் கசான் என்றுதான் பெயர்.)

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தப் படைக்கு நீண்ட காலம் பால்கன் கிறிஸ்தவ வீடுகளிலிருந்து பையன்களைப் பிடித்துப் போனார்கள். பல்கேரியர் அதை 'இரத்த வரி' என்பார்கள். எனிச்சாரின் என்ற சொல் இங்கே இன்றும் ஒரு வசை, சொந்த இனத்துக்கே பகையானவன் என்று. அதே பட்டாளத்தின் தளபதிப் பட்டத்தை ஊரிலிருந்த பணக்காரக் கிறிஸ்தவருக்குச் சூட்டினார்கள். யாரும் அதை விநோதமாக நினைத்த மாதிரி தெரியவில்லை.

துருக்கிப் பேச்சிலேயே இந்தப் பட்டம் மெல்லப் பட்டாளத்தை விட்டு வெளியே வந்து, வெளியூர்களில் கிறிஸ்தவப் பெரிய மனிதர்களைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. மணல்வீடு சொன்ன விருந்து விளக்கமும் வெறுங்கதை இல்லை. ஊருக்கு வரும் அதிகாரி இறங்குவது அப்படிப்பட்டவர் வீட்டில்தான். சொல் அவர்மேல் ஒட்டிக்கொள்ள அதுவும் துணை செய்திருக்கலாம். ஆனால் பட்டாளப் பட்டம் அதைவிட மூத்தது, வேரை விருந்தில் தேட முடியாது.

பல்கேரிய ஊரில் சொர்பஜி என்ன செய்தார் என்று பார்த்தால்தான் உங்கள் மரியாதையா நக்கலா கேள்விக்குப் பதில் கிடைக்கும். ஊர்ச் சபையில் முதல் இருக்கை அவருக்கு. வரி எவ்வளவு, யார் எவ்வளவு என்று பிரிப்பது, வசூலிப்பது, அதிகாரியிடம் ஊர் சார்பாகப் பேசுவது எல்லாம் அவர். தேவாலயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பணம் கொடுப்பதும் அவர். கடன் கொடுப்பதும் அவரே, அதைக் கறப்பதும் அவரே. கொப்ரிவ்ஷ்தித்ஸா ஊருக்குப் போனால் நீலமும் செம்மண் நிறமும் பூசிய அவர்கள் வீடுகளைப் பார்க்கலாம். பெக்லிக் என்ற ஆட்டு வரியைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பாதித்தவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள். அந்த மர வேலைப்பாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எத்தனை ஆடு என்றுதான் என் மனம் கணக்குப் போடும்.

புரட்சிக்காரர்களுக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது. கலோஃபரில் பிறந்த ஹ்ரிஸ்தோ போத்தேவ் சொர்பஜிகளைத் துருக்கியருக்குச் சமமாக வைத்துத்தான் திட்டினார். கொப்ரிவ்ஷ்தித்ஸாக்காரரான லியூபென் கரவேலவும் குறைவைக்கவில்லை. நான் படிக்க வந்த காலத்தில் ஆட்சி கம்யூனிஸ்ட் கட்சியுடையது, பாடத்தில் போத்தேவின் குரல்தான் ஒலித்தது. சொர்பஜி என்றால் சுரண்டல்காரன், காட்டிக்கொடுப்பவன், முடிந்தது விஷயம். விரிவுரையாளர் அந்தச் சொல்லைச் சொல்லும்போதே முகம் கோணும்.

ஆனால் சரித்திரம் அவ்வளவு வசதியாக இல்லை. 1876 ஏப்ரலில் கிளர்ச்சி தொடங்கிவிட்டது என்று கொப்ரிவ்ஷ்தித்ஸாவிலிருந்து 'இரத்தக் கடிதம்' எழுதிய தோதோர் கப்லெஷ்கோவ் வசதியான வீட்டுப் பிள்ளை. அதே ஊரில் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் ஒஸ்லெகோவ் வீட்டைக் கட்டிய பணக்கார வணிகரும் அந்தக் கிளர்ச்சியில்தான் உயிரை விட்டார். வாசோவே சொப்போத் ஊர் வணிகர் ஒருவரின் மகன். அதனால்தான் உங்கள் நாவலில் மார்க்கோவுக்கும் அந்தப் பட்டம், யுர்தானுக்கும் அந்தப் பட்டம். ஒருவர் கிளர்ச்சிக்காரப் பையன்கள் மேல் பரிவு கொண்டவர், மற்றவர் அவர்களைக் கண்டால் எரிந்து விழுகிறவர். வாசோவ் சொல்லை எடைபோடாமல் ஆளை எடைபோடுகிறார். அரைகுறையாகக் கற்றுக்கொடுத்த எங்கள் வகுப்பைவிட அவர் நேர்மையானவர் என்பது என் கட்சி.

இனி என் மாமனார் கதை. அவருடைய அப்பாவிடம் கொஞ்சம் நிலமும் ஒரு நல்ல குதிரையும் இருந்தன. ஐம்பதுகளில் எல்லாம் கூட்டுப் பண்ணைக்குப் போனது. தெகெசெசெ என்று நான்கு எழுத்தில் சொல்வார்கள், அந்த எழுத்துகளை இன்றும் மாமனார் மெதுவாகத்தான் உச்சரிப்பார். சொர்பஜீயா என்று யாரோ சொன்னதற்காக அந்த வீட்டில் அப்போது பயந்திருக்கிறார்கள். 1991-இல் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும் சட்டம் வந்தது. பத்திரம், சாட்சி, அளவை என்று அலைந்து, கடைசியில் மூன்று இடத்தில் துண்டு துண்டாக மண் கிடைத்தது. அன்று மாலை பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து 'என்ன, சொர்பஜி, எப்படி இருக்கிறாய்?' என்றார். மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா காலத்தில் பயமுறுத்திய சொல் அது.

இப்போது தனியார் முதலாளியைக் கிண்டலாகச் சொல்ல அதிகம் பயன்படுகிறது. நேரில் மரியாதையாக யாரும் கூப்பிடுவதில்லை.

போஸ்பரஸ் எழுதியது:

இஸ்தான்புல்லில் இருந்து ஒரு சின்னச் சேர்க்கை. இங்கே சோர்பஜி என்று பலகை தொங்கினால் உள்ளே கர்னலும் கிடையாது, பண்ணையாரும் கிடையாது. சூப்புக் கடை, அவ்வளவுதான். பாதி இராத்திரிக்கு மேலும் திறந்திருக்கும், பருப்பு சூப்பும் குடல் சூப்பும் கிடைக்கும். சொல் ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் துருக்கியில் மறுபடி அடுப்படிக்கே வந்துவிட்டது.

எகிப்தியர் ஒருவர் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறார். அங்கே ஷுர்பகி என்ற குடும்பப் பெயர் சகஜமாம். இதே படைப் பட்டம்தான், அரபு வாயில் 'ஜி' 'கி' ஆகியிருக்கிறது.

வன்னிப்பெடியன் எழுதியது:

கசான்லக் அண்ணை, வாசிக்க நல்லாயிருந்தது. நான் புளோவ்திவில மருத்துவம் படிக்கிறன். நோயாளிகளோட கதைக்கத்தான் எங்களுக்குப் பல்கேரியன் படிப்பிக்கினம், அதில இந்தச் சொல்லு வராது. ஆனா டாக்ஸிக்காரர் ஒராள் வழிநெடுக போனில ஆரையோ ஏசிக்கொண்டு வந்தவர், மூச்சுக்கு மூச்சு சொர்பஜீயா, சொர்பஜீயா. ஆரெண்டு கேட்டன். தன்ர முதலாளியாம், கார் அவருடையதாம். பிறகு அதே முதலாளி போன் எடுக்க, குரல் மாறி 'ஓம் ஷெஃபே, சரி ஷெஃபே' எண்டார். நீங்கள் சொன்ன மாதிரி, ஆளுக்குப் பின்னால தான் இந்தச் சொல்லு.

எனக்கொரு சந்தேகம். இஞ்ச சொர்பஜீய்ஸ்கி எண்டு ஒரு பெயர் பார்த்தன். அதுவும் இதுதானோ? ஏச்சுச் சொல்லை ஆராவது பெயரா வைச்சிருப்பினமோ?

கசான்லக்காரன் எழுதியது:

தம்பி, அதுவும் இதுதான். குடும்பப் பெயர்கள் ஒட்டியது சொல் இன்னும் கௌரவமாக இருந்த காலத்தில். சொர்பஜீயெவ், சொர்பஜீய்ஸ்கி இரண்டும் உண்டு. எங்கள் பக்கத்து ஊர் துரியாவில் 1890-இல் பிறந்த சுதொமீர் என்ற நகைச்சுவை எழுத்தாளரின் உண்மைப் பெயர் திமிதர் சொர்பஜீய்ஸ்கி. கிராமத்து மனிதர்களின் வம்பும் வாய்த் துடுக்கும்தான் அவர் கதைகள். ஓவியரும்கூட. கசான்லக்கில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது, புளோவ்திவிலிருந்து வரும்போது சொல், கூட்டிப்போகிறேன். 1967-இல் இறந்தார். தெற்கே கர்ஜலி மாகாணத்தில் சொர்பஜீய்ஸ்கோ என்று ஒரு கிராமமே இருக்கிறது.

தேன்சிட்டு எழுதியது:

கசான்லக் ஐயா, மிக்க நன்றி. குழுவில் உங்கள் பதிலை அப்படியே வாசித்துக் காட்டினேன். சண்டை ஓயவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஒருவர் பண்ணையார் என்கிறார், ஒருவர் நாட்டாமை, இன்னொருவர் மிராசுதார். நான் முதலாளி என்று போடலாமா என்று பார்க்கிறேன். எது பொருந்தும்?

மணல்வீடு எழுதியது:

அண்டா கவிழ்ப்பதைப் படித்ததும் விருந்துக் கட்சியிலிருந்து பாதி விலகிவிட்டேன். மீதிப் பாதியில் இருந்தபடி சொல்கிறேன்: பெரியதனக்காரர்.

கசான்லக்காரன் எழுதியது:

ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இடிக்கிறது. பண்ணையார், மிராசுதார் இரண்டிலும் நிலம் முன்னால் நிற்கிறது. சொர்பஜிகளில் பலருக்குப் பணம் வந்தது வியாபாரத்திலும் வரிக் குத்தகையிலும். மார்க்கோவுக்கு அங்கே கூலி ஆட்களோடு பண்ணை இருப்பதாகப் படிப்பவர் நினைத்துவிடுவார். நாட்டாமை என்றால் தீர்ப்புச் சொல்பவர் என்ற எண்ணம்தான் இப்போது முதலில் வருகிறது, சொம்பும் ஆலமரமும் தானாகவே வந்து உட்கார்ந்துவிடும். முதலாளி இன்றைய டாக்ஸிக்காரர் வாய்க்குச் சரி, 1876-க்குச் சரியில்லை.

பெரியதனக்காரர் எனக்குப் பிடித்திருக்கிறது. ஊர் கொடுத்த தலைமை, வரிப் பொறுப்பு, கொஞ்சம் அதட்டல் எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் 'பெரியதனக்காரர் மார்க்கோ' என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதினால் வாசகர் களைத்துப்போவார். கூப்பிடும்போது இன்னும் மோசம். நான் செய்வதாக இருந்தால் சொல்லை அப்படியே விட்டு, முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் போட்டு, விவரிக்கும் இடங்களில் மட்டும் ஊர்ப் பெரியதனம் என்பேன்.

எழுத்துக்கூட்டல் பற்றியும் கேட்பீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தமிழில் முதலில் வரும் சகரத்தைப் பலரும் மென்மையாகத்தான் வாசிப்பார்கள். பல்கேரியர் சொல்வது அழுத்தமான 'ச்ச'. 'ச்சொர்பஜி' என்று எழுதினால் அச்சில் பார்க்க நன்றாக இல்லை. அசையழுத்தம் கடைசி 'ஜீ'யில் விழுவதால் முன்னாலுள்ள ஒகரம் தேய்ந்து போகிறது. கிழக்குப் பக்கத்துக்காரர்கள் சொன்னால் கிட்டத்தட்ட சுர்பஜி என்றே கேட்கும், என் மனைவியும் அப்படித்தான். அதனால் நெடில் வேண்டாம், குறில் போட்டு சொர்பஜி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தேன்சிட்டு எழுதியது:

சரி ஐயா, சொர்பஜி. குழுவில் அறிவித்துவிட்டேன். மிச்சோவின் பெயரில் 'பெய்சதே' என்று ஒரு வால் தொங்குகிறது, அதற்குத் தனி இழை திறக்கிறேன்.